நாற்பத்திரண்டு நாள்

பேச்சி வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அவளுக்குப் பால் சுரந்தது.

ஒரகடத்தில், காருக்குள் ஓடும் வயர்க்கட்டுகளைச் செய்கிற தொழிற்சாலை அது. கன்வேயரில் நகர்ந்து வரும் வயர்களைச் சேர்த்துப் பிடித்துக் கறுப்பு டேப் சுற்றுவது அவள் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். காலை டீக்கு மணி அடிக்கும் முன்பே மார்பு கனத்து வலிக்க ஆரம்பித்தது. குனிந்து பார்த்தாள். நீலக் கோட்டின் மேல் இரண்டு ஈர வட்டங்கள். என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகும் அவள் கை டேப்பைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. நிறுத்தினால் பக்கத்தில் நிற்பவள் தலையில் அந்த வேலையும் விழும்.

நாலு நாளைக்கு முன்னால், அதே இடத்தில் நின்றிருந்தபோதுதான் அடிவயிற்றில் அந்த வலி வந்தது. அப்போது ஐந்தாம் மாதம். லைன் லீடர் பெருந்தேவி அவளைத் தோளில் சாய்த்து நடத்திக் கொண்டுபோய், கம்பெனி வண்டியில் ஏற்றி, சுங்குவார்சத்திரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை. "சில சமயம் இப்படி ஆயிடுதும்மா. ஒரு மாசமாவது நல்லா ரெஸ்ட் எடு," என்றார்.

மறுநாள் பேச்சியின் புருஷன் இசக்கிதுரை கான்ட்ராக்ட் ஆபீசுக்குப் போன் போட்டான். பேச்சியை அந்தக் கம்பெனிக்கு அனுப்பியது அவர்கள்தான். அங்கே ஆட்களைப் பார்த்துக்கொள்கிற எல்லப்பன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் கேட்ட அவர் குரல் கட்டிலில் கிடந்த பேச்சிக்கும் கேட்டது.

"மூணு நாள் சிக் லீவு போட்டுக்கட்டும். ஆறு மாசம் லீவுன்றது கொழந்த பொறந்தாதாம்பா. கொழந்தயே இல்லன்ற, அப்புறம் இன்னாத்துக்கு லீவு? நாலாம் நாள் வரலன்னா நான் வேற ஆள அனுப்பிடுவேன், அப்புறம் என்னக் கேக்காத."

அவர் திட்டவில்லை. ரேஷன் கடையில் இருப்பு இல்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். இசக்கிதுரை ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அவன் சம்பளத்தை மட்டும் நம்பி வடக்குப்பட்டில் அந்த ஒற்றை அறைக்கு வாடகை கட்டிவிட்டு, ஊரில் நாங்குநேரியில் இருக்கிறவர்களுக்கும் பணம் அனுப்ப முடியாது. நாலாம் நாள் காலை பேச்சி கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பால் கசிவதைப் பெருந்தேவிதான் முதலில் பார்த்தாள். கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போய், தன் துப்பட்டாவால் மார்பை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"இப்டியே நாலஞ்சு நாள் கட்டி வைடி, வத்திடும். சூடா எதுவும் ஊத்திக்காத." முடிச்சைப் போட்டவள் கொஞ்சம் தயங்கினாள். "எங்க வூட்டாண்டயும் ரெண்டு பேருக்கு இப்டி ஆச்சு. அதுங்களும் மறுவாரமே எந்திரிச்சு வேலைக்கு வந்துச்சுங்க. போயிகினே இருக்கணும் பேச்சி. நின்னுட்டா தாங்காது."

பேச்சி தலையாட்டினாள். ஆறு நாளில் பால் வற்றியது. வலி நின்ற அன்று அவளுக்கு நிம்மதி வரவில்லை. பிள்ளை வந்துபோனதற்கு உடம்பில் இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

ஏழு மாதம் ஓடியது. அறையில் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. இசக்கிதுரைக்குக் காலை ஷிப்ட் என்றால் அவளுக்கு மதிய ஷிப்ட்டாக அமைந்தது. பார்த்துக்கொள்வதே சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம். கம்பெனி பஸ்ஸில் போகும்போது மட்டும் பேச்சியின் கை தானாக வயிற்றுக்குப் போகும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது உள்ளே ஏதோ அசைந்திருந்தது. பஸ்ஸா, பிள்ளையா என்று இன்றுவரை அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே யாரிடமாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றும்.

தை மாதத்தில் ஒருநாள், ஒரகடம் கூட்டுரோட்டில் இரண்டு பெண்கள் நின்று ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சட்டத்தில் என்னென்ன உண்டு என்று அச்சடித்திருந்தது. பேச்சி படித்துக்கொண்டே நடந்தாள். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டாள். கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற வித்தியாசம் இல்லை.

பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை. ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். அந்த நாட்களில் தான் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். படுத்திருப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டு அழுதிருப்பாள். பால் வற்றும்வரை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாவது இருந்திருப்பாள். இவ்வளவுதான் தோன்றியது. ஆனால் அதற்கு ஏங்கியதைப் போல அவள் வேறு எதற்கும் ஏங்கியதில்லை.

அடுத்த வாரம் ஒருநாள், மதிய ஷிப்ட்டுக்கு முன்னால், தொழிலாளர் காப்பீட்டைப் பார்க்கிற ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"அந்த நாளெல்லாம் நீங்க வேலைக்குப் போயிருக்கீங்கம்மா. சம்பளமும் வாங்கியிருக்கீங்க. லீவுல இருந்தாத்தான் இந்தப் பணம். வேலை செஞ்ச நாளுக்குத் தர்றதுக்கு வழி இல்ல."

"லீவு கெடையாதுன்னு சொல்லிட்டாவம்மா. அதனாலதான் போனேன்."

"எழுத்துல குடுத்தாங்களா?"

"போன்லதாம்மா சொன்னாவ."

"எப்பவுமே எழுத்துல கேக்கணும்மா. வாயால ஆயிரம் சொல்லுவாங்க. எழுதிக் குடுங்கன்னா யோசிப்பாங்க," என்றார் அந்த அம்மாள். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

பேச்சி அதோடு விடவில்லை. மறுநாளே கம்பெனியின் எச்.ஆர். பரசுராமன் முன்னால் போய் நின்றாள். அவர் நோட்டீஸைப் படித்தார். ஐந்தாவது வரி அவருக்கும் புதிதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சரிம்மா, தப்பு நடந்துபோச்சு. ஆனா நீங்கதான் வேலை செஞ்சு சம்பளமும் வாங்கிட்டீங்களே. இப்ப உங்களுக்கு இன்னா வேணும்?"

"அந்த நாள் வேணும் சார்."

"போன நாள எப்படிம்மா தர்றது?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் எல்லாருக்கும் தெரியற மாதிரி போர்டுலயாவது எழுதிப் போடுங்க," என்றாள். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் ஆகியும் போர்டில் கேன்டீன் மெனுதான் இருந்தது.

அதனால் பேச்சியே எழுதினாள். நோட்டுத் தாளில், முத்து முத்தாக: "கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்துடன் லீவு உண்டு. ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் சான்று வாங்கவும். லீவு இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லவும்." பெண்கள் கழிப்பறைக் கதவுகளின் உட்பக்கம் ஒட்டினாள். மறுநாள் கிழித்திருந்தார்கள். திரும்ப ஒட்டினாள். திரும்பக் கிழித்தார்கள்.

இசக்கிதுரைக்கு எப்படியோ தகவல் போய்விட்டது. "ஏளா, வேல போச்சுன்னா என்ன செய்யப் போற? நமக்குத்தான் ஒண்ணும் கெடைக்காதுன்னு ஆயிட்டுல்லா? பெறவு எதுக்கு இதெல்லாம்?"

"எனக்குத் தெரியலங்க. ஒட்டாம இருக்க முடியல."

அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பினான்.

நாலாவது தடவை ஒட்டுகிறபோது கதவைத் தள்ளிக்கொண்டு பெருந்தேவி வந்துவிட்டாள். பெருந்தேவி தாளை ஒருமுறை படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

"அன்னிக்கு நான் உனக்கு இன்னா சொன்னேன்? போயிகினே இருன்னேன்," என்றாள். "எனக்கும் ஒருவாட்டி ஆச்சுடி. பெரியவளுக்கும் சின்னவளுக்கும் நடுவுல. ஊட்டுக்காரருக்குத் தவிர யாருக்கும் தெரியாது. ரெண்டாம் நாளே வந்துட்டேன்." பேச்சி கையிலிருந்த செலோடேப்பை வாங்கி அந்தப் பக்கம் வைத்தாள். "இது நிக்காது. நம்ம லைன் டேப்ப எடுத்துகினு வா. அதக் கிழிக்கட்டும் பாப்பம்."

கறுப்பு டேப்பால் நாலு பக்கமும் ஒட்டிய தாள்கள் பத்து நாள் நின்றன.

அந்தப் பத்து நாளில்தான் குன்றத்தூரிலிருந்து வரும் தேவிப்பிரியா அதைப் படித்திருக்கிறாள். அடுத்த ஷெட்டில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம், வயிற்றில் மூன்றாம் மாதம். ஒரு சனிக்கிழமை வீட்டிலேயே கலைந்துவிட்டது. அவள் நேராக ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போய்ச் சான்று வாங்கிவிட்டாள். எல்லப்பன் அவளிடமும் அதே மூன்று நாளைத்தான் சொன்னார். புதன்கிழமை காலை அவள் பேச்சிக்குப் போன் செய்தாள். நம்பர் தேடிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, நீங்கதான் எழுதனதுன்னு சொன்னாங்க. நாளைக்கு வரலன்னா ஆள மாத்திடுவேன்றாருக்கா. என்னால எந்திரிக்கவே முடியல."

"நீ வராத. சான்ற மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு," என்றாள் பேச்சி.

அன்று டீ இடைவேளையில் பேச்சி அந்தச் சான்றை லைன் பெண்கள் எல்லாருக்கும் காட்டினாள்; இடைவேளை முடிந்து மணி அடித்தது. லைனில் நிற்க வேண்டிய பதினெட்டுப் பெண்களும் எச்.ஆர். அறை வாசலில் நின்றார்கள். முன்னால் பேச்சி, பக்கத்தில் பெருந்தேவி. உள்ளே கன்வேயர் வெறுமனே ஓடியது. சூப்பர்வைசர் எழிலரசன் மூச்சிரைக்க வந்தார். "இன்னாக்கா நீயுமா? லைன் காலியா ஓடுது!" என்று பெருந்தேவியிடம் கத்தினார். "ஓடட்டும்பா," என்றாள் அவள்.

பரசுராமன் வெளியே வந்தார். பேச்சி போனில் இருந்த சான்றைக் காட்டினாள்.

"தேவிப்பிரியாவுக்கு ஆறு வாரம் லீவு குடுங்க சார். இல்லன்னா, இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாங்க வேலைக்குப் போயிருதோம்."

"மொதல்ல எல்லாரும் லைனுக்குப் போங்கம்மா. சாயங்காலம் பேசிக்கலாம்."

"எழுதிக் குடுங்க சார்."

பின்னால் யாரோ, "ஆமா சார், எழுதியே குடுத்துடுங்க," என்றார்கள். அப்புறம் இன்னொரு குரல். பரசுராமன் பதினெட்டு முகங்களையும் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் ஆளில்லாமல் ஓடும் கன்வேயரைப் பார்த்தார். உள்ளே போய் எல்லப்பனுக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரம் அவர் குரல் மட்டும் உயர்ந்து தாழ்ந்தது. ஏழு நிமிஷம் கழித்து, லீவு அனுமதித்த தாளோடு வந்தார். தேதி போட்டு, சீல் வைத்திருந்தது.

அடுத்த மாதம் பேச்சியை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். பெட்டி தூக்குகிற வேலை. காரணம் சொல்லவில்லை. பெருந்தேவியின் லைன் லீடர் பொறுப்பு வேறொருத்திக்குப் போனது. ஆனால் போர்டில், கேன்டீன் மெனுவுக்குக் கீழே, சின்ன எழுத்தில் அந்த வரி அச்சாகி ஏறியது. போகிற வருகிற பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்கள்.

அதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சி மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு குன்றத்தூருக்குப் போயிருந்தாள். தேவிப்பிரியா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலை வாரியிருக்கவில்லை. அவள் புருஷன் பாலாஜி அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்றதுன்னே தெரியலக்கா. காலைல எந்திரிக்கிறேன், அழுவுறேன், தூங்குறேன். திரும்ப அழுவுறேன். எல்லாரும் அங்க வேலை செஞ்சிகினு இருக்காங்க, நான் இப்டிக் கெடக்கேனேன்னு இருக்குது."

"கெட. அதுக்குத்தான் லீவு. இன்னும் எத்தன நாளு இருக்கு?"

"இருபத்தொம்போது."

பேச்சியின் நெஞ்சுக்குள் சட்டென்று ஏதோ பிடித்து இழுத்தது. பொறாமை. இந்தப் பெண்ணுக்காக வாசலில் போய் நின்றவள் அவள்தான். ஆனாலும் அந்த இருபத்தொன்பது நாளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. தேவிப்பிரியாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துச் சிக்கெடுத்துவிட்டாள். அவள் தூங்கிப்போன பிறகும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை இசக்கிதுரைக்கும் விடுமுறை. வாசற்படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். பேச்சி வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"நான் அஞ்சு நாள் லீவு போடப் போறேன். சம்பளம் கெடையாது. இருக்கத வச்சு ஓட்டிக்கிடுவோம்."

"மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நம்ம பிள்ளைக்காண்டி இருக்கணும். அஞ்சு நாளாவது அதுக்காண்டி இருக்கணும்."

ஊசி நின்றது. இத்தனை மாதத்தில் பிள்ளை என்ற வார்த்தையை அவர்களில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவன் நிமிரவில்லை.

"நானும் ரெண்டு நாளு போடுதேன்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "பேரு எதுவும் நெனச்சிருந்தியா?" என்று கேட்டான்.

"சுகப்பிரியா."

"வனமாமலைன்னுல்லா நான் வச்சிருந்தேன். எங்க அய்யா பேரு."

"அது பொண்ணு. எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்? ஆசுபத்திரில ஒண்ணும் சொல்லலியே. பையன்தான்."

"சுமந்தது நானா, நீங்களா?"

"அதுக்காவ? எனக்குத் தோணாதா?"

இருவர் குரலும் உயர்ந்தது. பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பேச்சி அழுதுகொண்டே பொண்ணு பொண்ணு என்றாள். அவனும் கண்ணில் நீர் முட்ட, சட்டையைக் கீழே போட்டுவிட்டு, விட்டுக்கொடுக்காமல் பையன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.