ஆறிலிருந்து ஏழு வரை

ஆறு மணியானால் எங்கள் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. சட்டம் போட்டது நான். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், சத்தமில்லாத வீடு, இவை இருந்தால் பிள்ளை தானாகப் படிக்கும் என்று டீச்சர் சொன்னார். நான் அரைகுறையாக எதையும் செய்கிறவள் இல்லை. டிவி பிளக்கைப் பிடுங்கினேன். செல்போன்களைப் பீரோவில் பூட்டினேன். முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மெஷினையும் நிறுத்தினேன்.

"ஏன், நானா பரீட்சை எழுதப் போறேன்?" என்று முணுமுணுத்தபடி பொத்தான் தைக்க உட்காருவார். சும்மா இருக்க மாட்டார் மனுஷன். "பாப்பா..." என்று மெல்லக் கூப்பிடுவார். உள்ளறையிலிருந்து மகள் எழுந்து ஓடினால், "சும்மாதான் கூப்பிட்டேன்!" என்று சிரிப்பார். இரண்டு பேரையும் வறுத்து எடுப்பேன். மூன்றாவது மாதம், அவர் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவள் தலை நிமிரவில்லை. கணக்கில் பெயிலானவள் எண்பது வாங்கினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு டீயோடு முன்னறைக்குப் போனேன். மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தார். கை சில்லென்றிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

அதற்குப் பிறகு மகள் பள்ளிக்கூடம் போவாள், வருவாள், பையைத் திறக்க மாட்டாள். ஒரு மாதம் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கையையும் ஓங்கிவிட்டேன். அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அன்னிக்கு அப்பா என்னைக் கூப்பிட்டாரும்மா. ரெண்டு தடவை. விளையாடுறாருன்னு நினைச்சேன். கணக்கை முடிச்சுட்டுப் போலாம்னு..."

பதினொரு வயதுப் பிள்ளை இதை எத்தனை வருஷம் சுமக்கும்? அந்த நேரம் நான் பின்பக்கம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் காதில் எதுவும் விழவில்லை.

"எனக்கும் கேட்டுச்சுடி," என்றேன். "அடுப்படியிலதான் இருந்தேன். குரல் சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. உன் படிப்பு கெட்டுடும்னு நாந்தான் போகல."

அவள் என்னையே பார்த்தாள்.

"தெரிஞ்சும் போகலியா?"

"போகல."

நான்கு மாதமாகிறது. தட்டில் போட்டதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறாள். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கிறாள். ஆனால் நான் அப்படிச் சொன்ன மறுநாளே பையைத் திறந்தாள். நேற்று அறிவியலில் முதல் மார்க் என்று அந்த அக்காதான் வந்து சொன்னாள். அது போதும் எனக்கு. போதும் என்றுதான் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.