ஆளுக்குப் பாதி

எது அசல், எது வெறும் மாவு என்று தெரிந்தால் மட்டும் என்ன செய்துவிடுவேன், அசலை எனக்கு வைத்துக்கொண்டு மாவை அக்காவுக்குக் கொடுப்பேனா? இடைசெவலில் பஸ் ஏறியதிலிருந்து சீனித்தாய் இதையேதான் மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ரெங்கம்மாள். அவள் மடியிலிருந்த பையில் இருவருடைய மாத்திரை டப்பாக்களும் இருந்தன.

இரண்டு பேரும் ஒரே தெரு. நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரே கோடையில், இருவருக்கும் மார்பில் கட்டி. ஆபரேஷன், ஊசி, கதிர்வீச்சுக் கரண்ட் எல்லாம் முடிந்தபின், நோய் திரும்பி வராமலிருக்க ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறோம், சேருகிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி மாவில் செய்த வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. டப்பாவில் எண் மட்டும்தான். கையெழுத்துப் போட்ட அன்றே ரெங்கம்மாள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். ஒற்றைப்படைத் தேதியில் அவரவர் டப்பா, இரட்டைப்படையில் அடுத்தவள் டப்பா. அசல் யாருக்கு வந்திருந்தாலும் ஆளுக்குப் பாதி. மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்தாலும் பிசகே தெரியாது.

அதைத் தப்பென்றே சீனித்தாய் நினைத்ததில்லை, இந்தத் தை மாசம் வரை. விவசாய ஆபீசில் புது உளுந்து விதை கொடுத்து, பழைய விதைக்குப் பக்கத்தில் தனியாக விதைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவள் புருஷன் கிட்டு இரண்டையும் ஒன்றாகக் கலந்து விதைத்துவிட்டான். அறுப்புக்கு முன்னால் வந்த ஆபீசர் காய்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் காய்ச்சிருக்கு, எந்த விதை காய்ச்சுதுன்னு ஊருக்கு எப்படிச் சொல்ல என்று கேட்டுவிட்டுப் போனார். கிட்டு சிரித்தான். அவள் வீட்டுக்குப் போய் மாத்திரை டப்பாவை எடுத்து அதிலிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றியிருந்த ஒருத்தி மாத்திரைச் சோதனையில் புதிதாகச் சேரக் காத்திருந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. அவளைப் பார்த்துக்கொண்டே, டப்பா மாற்றியதை இன்றைக்குச் சொல்லிவிடப் போவதாகச் சீனித்தாய் ரெங்கம்மாளிடம் சொன்னாள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? ரெண்டு பேரையும் வெளிய தள்ளிருவாவ. அப்புறம் வருஷா வருஷம் படம் எடுத்துப் பாக்க உன் மாமியாளா வருவா?"

"நாம நல்லாருக்கோம்லா அக்கா. எதுனாலன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்லா."

"நல்லாருக்கோம்லா. அது போதாதா?"

அது போதும் என்றுதான் சீனித்தாய்க்கும் ஆசை. மார்பைப் படம் எடுக்கும் அறையில் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளும்தானே. தள்ளிவிட்டால் அந்த அறையும் இல்லை. தெரிந்தேதான் உள்ளே போனாள்.

ஆய்வைப் பார்த்துக்கொள்ளும் பானு, மாத்திரைகளை எண்ணி முடித்து, சரியாக இருக்கிறது என்று எழுதினாள். அடுத்த கேள்வி எப்போதும் கேட்பதுதான்.

"உங்க டப்பாவுல உள்ளதத்தான சாப்பிட்டீங்க?"

நாற்காலிக்குப் பின்னால் நின்ற ரெங்கம்மாள் அவள் தோளை அழுத்தினாள். ஆமான்னு சொல்லுட்டி என்று காதருகே மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை. இந்தக் கேள்விக்கு மூன்று வருஷமாகத் தன்னால் ஆடிய தலை அது.

"இல்லம்மா" என்றாள் சீனித்தாய்.

பானு பேனாவை மூடி வைத்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து ரெங்கம்மாளுக்குப் போட்டாள். ரெங்கம்மாள் அதன் நுனியில் உட்கார்ந்தாள், கூட்டமான பஸ்ஸில் யாரோ நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்காருவது போல.