ஐந்தாம் படி விலை

அரியலூரில் வைரக்கண்ணு நடத்தும் பைப், மோட்டார், பெயிண்ட் கடைக்கு ஐந்து படிகள். மழைத்தண்ணீர் உள்ளே ஏறாமலிருக்கக் கட்டியது என்று அவர் சொல்வார். விலை இறங்குவதற்காகக் கட்டியது என்பது ஊருக்கே தெரியும். கல்லா முன்னால் நின்று கேட்டால் ஒரு விலை. "வேணாங்க" என்று திரும்பி முதல் படியில் கால் வைத்தால், "அட, இங்க வாங்க" என்று இன்னொரு விலை. இரண்டாம் படியில் 'உங்களுக்காக' விலை, மூன்றாவதில் 'நம்மூர்க்காரராப் போயிட்டீங்க' விலை, நாலாவதில் 'கைநட்டம்' விலை. ஐந்தாம் படி கடைசி. அதற்குக் கீழே ரோடுதான். ஆனால் அதுவரை திரும்பிப் பார்க்காமல் இறங்க நெஞ்சழுத்தம் வேண்டும். பாதிப் பேர் இரண்டாம் படியிலேயே மனசு இளகித் திரும்பிவிடுவார்கள். அந்த இளகிய மனசுகளை வைத்துத்தான் வைரக்கண்ணு மேல்மாடி எடுத்தார்.

எழுநூறு சாமானுக்கும் ஐந்து விலையையும் மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு, அறுபது வயது தாண்டியதும் நாலாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் குழப்பம் வந்தது. அங்கேதான் அனிதா உள்ளே வந்தாள்.

அனிதாவும் தென்றலும் ஒன்றாகப் படித்துவிட்டு, ஒன்றாகக் கம்பெனி ஆரம்பித்தவர்கள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் விதைக்கடை மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, சத்தம் மட்டும் போடும் ஒரு ஃபேன். அங்கே உட்கார்ந்து அனிதா புரோகிராம் எழுதுவாள். தென்றல் அரியலூரில் ஆள் பிடிப்பாள். ஆறு மாதத்தில் பிடிபட்டது வைரக்கண்ணு ஒருவர். அவரும் முழுசாகப் பிடிபடவில்லை. "ஒரு வாரம் ஓட்டிப் பாப்பேன். புடிச்சா வச்சுக்குவேன்" என்றிருந்தார். இன்று ஏழாம் நாள். அவர் வேண்டாமென்று விட்டால், திங்கட்கிழமை அனிதா ஒரு வேலையில் சேர சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். அந்த வேலைக் கடிதத்தை அவள் அப்பா வெள்ளைச்சாமி காற்றில் பறக்காதபடி பிரிட்ஜ் மேல் வைத்து, அதன்மேல் ஊறுகாய் ஜாடியையும் வைத்திருந்தார்.

வேலை இரண்டு பங்கு. கடை வாசலில் பெரிய திரை. அதில் கல்லா விலை மட்டும் ஓடும். முதலாளியின் போனில் ஐந்து படி விலையும் ரகசியமாகத் தெரியும். முதலாவதற்கு 'திரை' என்று ஒரு பிராஞ்ச், அதாவது புரோகிராமின் தனிக்கிளை; இரண்டாவதற்கு 'படி' என்று ஒரு பிராஞ்ச். அனிதாவின் லேப்டாப்பில் இருக்கும் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் இணையத்தில் ஒரு ஜோடி உண்டு. 'புஷ்' என்று ஒரு தட்டுத் தட்டினால் இங்கே எழுதியது அங்கே உள்ள ஜோடிக்குப் போய்ச் சேரும்; அடுத்த இரண்டு நிமிஷத்தில் கடைக்கும் வந்துவிடும். யாருக்கு யார் ஜோடி என்று ஆரம்பத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அப்புறம் அது வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்காது.

"போன்ல எழுத்து பொடிப்பொடியா இருக்கு, பெருசாக்கு" என்று முதலாளி முந்தின நாள் சொல்லியிருந்தார். பெரிய எழுத்து ஏற்கெனவே 'திரை'யில் இருந்தது. எதற்கு மறுபடி எழுத வேண்டும் என்று அனிதா அதிலிருந்தே 'படி-2' என்று ஒரு புது பிராஞ்சைக் கிளப்பி, ரகசிய விலைகளை எல்லாம் அதில் கொண்டுவந்து நிரப்பினாள். எதிலிருந்து பிறந்ததோ அதையே ஜோடியாகக் கட்டிவிடுவது அந்த ஏற்பாட்டின் வழக்கம். இது அவளுக்குத் தெரியும். காலை பத்தரை மணிக்கு மட்டும் தெரியவில்லை.

புஷ். டீ. வடையில் பாதி உள்ளே போயிருக்கும்போது தென்றலின் வீடியோ கால்.

"அடியே, என்னாடி பண்ணித் தொலைச்ச? இங்க பாரு!"

வாசல் திரையில், எதிர் டீக்கடையிலிருந்து கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் ஓடிக்கொண்டிருந்தது: தண்ணி மோட்டார், கல்லா 6,800. முதல் படி 6,500. இரண்டாம் படி 6,200. இப்படியே இறங்கி, ஐந்தாம் படி 5,400.

கடைக்குள் ஒரு ஆள் இல்லை. ஐந்தாம் படியில் பதினேழு பேர்.

"மொதலாளி, மோட்டார் ரெண்டு! அஞ்சாம் படி!"

"எனக்கு வெள்ளை பெயிண்ட் நாலு டப்பா, அஞ்சாம் படி!"

ஒருத்தருக்கு இடம் பத்தவில்லை. "ஒரு காலு நாலுல இருக்கு, ஒரு காலு அஞ்சுல இருக்கு. எனக்கு என்னா வெலைங்க?"

"அப்ப நடுவுல போட்டுக் குடுத்துட்டு நவுரு" என்றாள் ஆலத்தியூரிலிருந்து வந்த அம்மாக்கண்ணு, இடுப்பால் அவரை ஓரங்கட்டியபடி.

வைரக்கண்ணு குடையை விரித்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றார். குடை மூன்றாம் படி விலையை மட்டும் மறைத்தது. அந்த விலையை யாரும் கேட்கவும் இல்லை.

"எவ்ளோ நேரமாவும்டி?"

"ரெண்டே நிமிஷம். அவர ஒண்ணும் பேச வேணாம்னு சொல்லு."

"அவரு எங்க பேசுறாரு? குடையில்ல பேசுது!"

அனிதா பிராஞ்ச் பட்டியலைத் திறந்தாள். 'படி-2' என்ற பெயருக்குப் பக்கத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, 'திரை'. சிரிப்பு வந்தது. 'திரை'க்குப் போய்க் காலையில் போனதை ரத்து செய்து புஷ் பண்ணினாள். பிறகு 'படி-2'வுக்கு இணையத்தில் அதே பெயரில் புது ஜோடி போட்டு, முதலாளியின் போனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். பட்டியலை மூன்று தடவை பார்த்தாள். இப்போது அவரவர் ஜோடி அவரவரிடம்.

திரை பழையபடி கல்லா விலைக்குத் திரும்பியது. பதினேழு தலைகளும் திரும்பவில்லை. அம்மாக்கண்ணு ஐந்தாம் படியை விட்டு ரோட்டில் இறங்கி, இடுப்பில் கை வைத்தாள்.

"அஞ்சாம் படியத் தாண்டிட்டேன். இப்ப என்னா வெலைங்க?"

முப்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. வைரக்கண்ணு குடையை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார். பதினேழு பேரும் ரோட்டுக்கு இறங்கிவிட, பின்னால் வந்த ஜெயங்கொண்டம் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "மோட்டாரு என்னா வெல?" என்றார்.

"மோட்டாரோட ஒரு கொழா சும்மா தரேன், மேல வாங்க" என்றார் வைரக்கண்ணு.

"ரெண்டு."

"சரி, ரெண்டு. வாங்கம்மா, பஸ்ஸு நிக்குது!"

மதியம் வைரக்கண்ணுவிடமிருந்து போன் வந்தது. "ஏம்மா, கெளம்பி வா." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அரியலூர் பஸ்ஸில் அனிதா வழியெல்லாம் மனசுக்குள் சென்னைக்குப் பெட்டி கட்டினாள். ஊறுகாய் ஜாடியை நகர்த்தும் சத்தம்கூடக் கேட்டது. கடை வாசலில் கொத்தனார் செல்லமுத்து குந்தி உட்கார்ந்து படிகளை அளந்துகொண்டிருந்தார்.

"ஒயரம் பத்தாதுங்க. ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொறைச்சா ஏழு படி வரும்."

"ஏழே போடு" என்றார் வைரக்கண்ணு. பிறகு அனிதாவை உள்ளே கூப்பிட்டார். "கடையில மோட்டாரு ஒண்ணு மிச்சமில்ல, தெரியுமா? எப்பவும் பத்துப் பேருல ரெண்டு பேருதான் அஞ்சாம் படிக்கு வருவான். ரெண்டு மூணு பேரு கோவிச்சுக்கிட்டு வாங்காமயே போயிருவான். இன்னிக்கு வந்தவன் ஒருத்தன்கூட வாங்காமப் போவல."

"அப்ப நட்டமில்லீங்களா?"

"கடைசி வெலையில எவன்மா நட்டம் வப்பான்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் கடைசிப் படிக்குத்தான் வருவான்னா, கடைசி வெலைய மேல ஏத்திட்டாப் போச்சு. ஏழு படி. அத்தனையும் வெளித்திரையில, இன்னிக்கு வந்த மாதிரியே பெருசா. உன்னைய வச்சுக்கிறேன். மாசம் எவ்ளோ?"

அனிதாவுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. பின்னால் நின்ற தென்றல் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"எட்டாயிரங்க."

"நாலு."

அனிதா லேப்டாப் பையைத் தோளில் மாட்டினாள். "வேணாங்க" என்றாள். திரும்பி, முதல் படியில் கால் வைத்தாள்.

"அட, இங்க வாம்மா. அஞ்சு."

இரண்டாம் படி.

"உனக்காக, அஞ்சரை."

மூன்றாம் படி. செல்லமுத்து அளவு டேப்பை இழுத்துப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம பெரம்பலூர்ப் பொண்ணாப் போயிட்ட! ஆறு!"

"திரும்பாதடி" என்று தென்றல் உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

நாலாம் படியில் ஆறே முக்கால் வந்தது, கைநட்டம் என்ற வார்த்தையோடு. அனிதா ஐந்தாம் படியில் இறங்கி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ரோட்டைப் பார்த்து நின்றாள். செல்லமுத்து சிமெண்டை இன்னும் கலக்கவில்லை; இன்றைக்குக் கடைசிப் படி ஐந்தாவதுதான்.