ஊசி மேல் பழி

அந்த மாதத்தில் மறுபடியும் ரெக்கார்டு பிளேயரின் ஊசியை மாற்றினார் ஸ்டீபன்ராஜ். பழைய ஊசியில் குறை ஒன்றும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் முனை முனையாகத்தான் இருந்தது. ஆனால் சிம்பல் சத்தம் வரவில்லை. டிரம்ஸ்காரன் குச்சியால் தட்டும் அந்தப் பித்தளைத் தட்டு ‘டிங்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. அப்படியென்றால் குற்றம் ஊசியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயரில், அதுவும் இல்லையென்றால் ஸ்பீக்கரில். இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறதே என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்துபோய் ஃபேனைக் குறைத்துவிட்டு வந்தார்.

அக்னஸ் ஈரக்கையோடு வந்து நின்றாள். “என்னங்க, வாஷிங் மெஷின் முடிஞ்சு அவ்ளோ நேரமா கத்துது. பக்கத்துலதான இருக்கீங்க, அமத்தக் கூடாதா?”

“அது கத்தவே இல்ல.”

“எனக்கு மட்டும் கத்துதாக்கும்!”

“மெஷின் பழசாயிடுச்சு. ஆள வரச் சொல்லு,” என்றார். அக்னஸ் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டீபன்ராஜ் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். மேலப்புதூரில் வீடு. முன்னறையில் சன்னல் போக மீதிச் சுவரெல்லாம் ஜாஸ் ரெக்கார்டுகள். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட குடும்பம் ஒன்று, தூக்கிக்கொண்டு போக முடியாமல் கொடுத்துவிட்டுப் போன டிரங்குப் பெட்டியில் ஆரம்பித்த பைத்தியம் அது. அப்புறம் பம்பாய்ப் பழைய கடைகள், மாணவர்களைக் கல்கத்தாவுக்கு டூர் கூட்டிப்போகிற சாக்கு என்று வளர்ந்தது. ஆனால் ரெக்கார்டுகளைவிட அவர் பெரிதாக நினைத்தது தன் அபிப்பிராயங்களைத்தான். மாங்க் பியானோவில் தப்பான கட்டையைத் தொடுகிறார் என்று எவனாவது சொன்னால் அவனோடு ஒரு வாரம் பேச மாட்டார். செட் பேக்கர் டிரம்பெட்டை அழகாக வாசிக்கிறார், அவரிடம் கோளாறே அதுதான் என்பார். சாப்பிட்ட கையோடு கோல்ட்ரேனின் சாக்ஸபோனைக் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். இத்தனைக்கும் அவரிடம் இருந்த முதலீடு காது ஒன்றுதான்.

இந்த ஒரு வருஷமாக அபிப்பிராயங்கள் கசந்துபோயிருந்தன. இப்போது வரும் டிரம்ஸ்காரப் பசங்களுக்குக் கையே இல்லை என்று முதலில் சொன்னார். பிறகு பழைய ஆட்களும் சோம்பேறிகளாகத் தெரிய ஆரம்பித்தார்கள். அதெப்படி, நேற்றுவரை சுறுசுறுப்பாக இருந்தவன் செத்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு சோம்பேறியாவான்? ஆகவே ரெக்கார்டு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினார். தேய்ந்ததாக அவர் முடிவுகட்டியதையெல்லாம் ஸ்ரீரங்கத்து நண்பன் நவநீதனுக்குத் தூக்கிக் கொடுத்தார். அப்படிப் போனவற்றில் ஒன்று லூதர் கேன் வாசித்தது.

லூதர் கேன்தான் அவருடைய டிரம்ஸ்காரன். பியானோ, பாஸ் என்கிற ஆளுயரத் தந்திவாத்தியம், டிரம்ஸ் என்று மூன்றே பேர் வாசித்த ரெக்கார்டு. அந்த ஆள் சிம்பலை அடிக்க மாட்டான், தடவுவான். எப்போதும் ஒரு மயிரிழை பிந்தித்தான் வருவான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், பூட்டை இழுத்துப் பார்க்க ஒருதரம் திரும்பி வந்து, அப்புறம் கிளம்புகிற மனிதன் போல. அந்த ரெக்கார்டில் ஒரு கீறலும் உண்டு. பாவப்பட்ட சங்கீதத்துக்குக் காவலாக இருக்கட்டும் என்று அக்னஸ் டர்ன்டேபிளுக்கு மேலே ஆணியடித்துச் செபமாலையை மாட்டிவைத்தாள். அது அறுந்து, சுற்றிக்கொண்டிருந்த ரெக்கார்டின் மேலேயே விழுந்தது. அன்றிலிருந்து பாஸ்காரன் தனியாக வாசிக்கத் தொடங்கும் இடத்தில் தொக், தொக் என்று கொஞ்ச நேரம் இடிக்கும். அன்று அக்னஸை அவர் திட்டிய திட்டுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கே போக வேண்டியிருந்தது. கீறலோடேயே பல வருஷம் கேட்டார். சிம்பல் போனபிறகுதான் மனசு விட்டுப்போய்க் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் நவநீதன் போன் செய்தார். “நாளைக்கு வரியா, இல்ல வையம்பட்டில இன்னொரு கல்யாணமாடா?”

போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் இல்லாத கல்யாணங்களைச் சொல்லித் தப்பித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நவநீதன் வீட்டில் அவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் டர்ன்டேபிளுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர் ஏதாவது ஒன்றைப் போடுவார். வாசிப்பது யார், எந்தக் காலத்து ரெக்கார்டு என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அன்று முழுக்க எந்தக் கலைஞரைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. கல்லூரி விடுதியில் ஆரம்பித்தது. நவநீதன் வாய் மூடிய ஞாயிறுகளுக்குக் கணக்கில்லை. ஸ்டீபன்ராஜ் மூடியதே இல்லை.

“வரேன்டா,” என்றார். போனை வைத்த பிறகு ஏன் சொன்னோம் என்றிருந்தது.

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெரிய கடை வீதிக்குப் போய்ப் புது ஒயர் வாங்கி வந்து மாற்றினார். ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தினார், திரும்ப மூலைக்கே தள்ளினார். டிங் வரவில்லை. கடைசியில் கைபேசியில் காதைச் சோதிக்கும் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது. அதோடு சத்தமும் ஏறி, மெலிந்து, கோடு பாதி தூரம் போவதற்குள் நின்றுவிட்டது. கோடு மட்டும் தனியாக மேலே போய்க்கொண்டிருந்தது. போனைத் திருப்பிப் பிடித்து அடியில் ஊதினார். மட்டமான ஸ்பீக்கர்.

“என்னங்க அது, கீச்சுனு?” என்றாள் அக்னஸ், கதவுக்கு வெளியிலிருந்து. “தலைய வலிக்குது. நிறுத்துங்க!”

ஸ்டீபன்ராஜ் போனை அணைத்தார். வாளியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பயமாக இருந்தது. ஊசியை மாற்றலாம், ஒயரை மாற்றலாம், ஆளை மாற்ற முடியுமா? நாளைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து உளறப் போகிறோம், நவநீதன் சிரிப்பான், இல்லை, அதைவிட மோசமாகச் சிரிக்காமல் இருந்துவிடுவான்.

மறுநாள் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தார். காவிரிப் பாலத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து, “ஐயா, இண்டிகேட்டர் போட்டபடியே இருக்கு!” என்று கத்திவிட்டுப் போனாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் திரும்பும்போது போட்டது. டிக் டிக்கென்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லை. வெயில் மணலில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. திரும்பிவிடலாமா என்று அம்மா மண்டபம் முனையில் ஒருதரம் வண்டியை நிறுத்திப் பார்த்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் விடவில்லை.

வடக்கு உத்திர வீதியில் நவநீதன் வாசலிலேயே நின்றிருந்தார். வக்கீல் தொழிலை விட்டும் வக்கீல் குரல் விடவில்லை. அவர் மனைவி யமுனா காபியோடு வந்தாள். “வாங்க ஸ்டீபன் அண்ணா, அண்ணி வரலையா?” என்றாள். வீணை கற்றவள். கச்சேரியில் உட்காருவதைப் போலவே ஜாஸுக்கும் தொடையில் தாளம் போடுவாள். அது அவருக்கு ஆகவே ஆகாது. “இது திருவையாறு இல்லம்மா, கையைக் கட்டிக்க,” என்று வருஷக்கணக்காக அதட்டியிருக்கிறார். அவளும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“இன்னிக்கு வேற மாதிரி,” என்றார் நவநீதன். “லூதர் கேன். நீ குடுத்த பழசு ஒண்ணு இருக்கு. பையன் அமெரிக்காலேருந்து அதே ரெக்கார்டைப் புதுசா அனுப்பிருக்கான், இப்பதான் பிரிச்சேன். ரெண்டுல ஒண்ணப் போடறேன். எதுன்னு சொல்லு.”

ஸ்டீபன்ராஜுக்கு உயிர் வந்தது. இது சுலபம். சிம்பல் கேட்டால் புதுசு, கேட்காவிட்டால் தேய்ந்தது. “கீறல் வர்ற வரைக்கும் காத்துட்டு இருப்பேன்னு நினைச்சியா? எடுத்த எடுப்புலயே சொல்றேன் பாரு,” என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பியானோ தொடங்கியது. அடியில் பாஸ் நடந்தது. சிம்பல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“பழசு!” என்றார். “நான் குடுத்தது. சிம்பல் செத்தே போச்சு, பாவம் அந்த ஆளு. இதத்தான்டா தேஞ்சுபோச்சுன்னு சொன்னேன். உனக்குத்தான் புரியல.”

முதுகுக்குப் பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

“சரிதான்டா,” என்றார் நவநீதன். “பழசுதான். எப்படித்தான் கண்டுபிடிக்கறியோ! எடுத்துடறேன்.”

“ஏன் எடுக்கற? ஓடட்டும்.”

“காபி ஆறுது. வேற போடலாம்.”

“ஓடட்டும் விடுடா. அக்னஸோட செபமாலையக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!” என்றார். நிஜமாகவே அந்தத் தொக், தொக்கைக் கேட்க ஆசையாக இருந்தது. தான் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை. இன்று முழுக்கப் பேசலாம்.

நவநீதனின் காலடி டர்ன்டேபிள்வரை வந்து நின்றது. பியானோ ஒதுங்கியது. பாஸ்காரன் தனியாக வாசிக்கத் தொடங்கினான். இதோ, இந்த வளைவுக்கு அப்புறம். ஸ்டீபன்ராஜ் ஒரு விரலைத் தூக்கிக் காத்திருந்தார்.

வரவில்லை. பாஸ் வழுவழுவென்று போய்க்கொண்டே இருந்தது. அடுத்த சுற்றிலும் வரவில்லை. அந்த இடம் முழுதாகத் தாண்டிப் போய்விட்டது. அவர் தூக்கிய விரல் தூக்கியபடியே இருந்தது.

இது புதுசு. இப்போதுதான் பெட்டியை விட்டு வெளியே வந்தது. இதில் சிம்பல் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவருக்காக நவநீதன் பொய் சொன்னான், அதுவும் விளையாட்டில், கல்லூரியிலிருந்து ஒருநாளும் பொய் சொல்லாத இந்த விளையாட்டில். அவமானத்தில் காது மடல் சுட்டது. தேய்ந்தது என்று தூக்கிக் கொடுத்த ரெக்கார்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்றும் தேயவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. கையில்லாதவன், சோம்பேறி, தூங்குமூஞ்சி என்று அவர் ஏசிய அத்தனை பேரும் ஒழுங்காக வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

நாற்காலியைத் திருப்பினார். நவநீதன் ஊசிக்கையின் மேல் விரலை வைத்தபடி தலையைக் குனிந்து நின்றிருந்தார். “இல்லடா ஸ்டீபா, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“நீ சும்மா இரு. கைய எடு அதுலேருந்து.” சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த யமுனாவைப் பார்த்தார். அவள் வலது கை தொடைமேல் அசையாமல் கிடந்தது. அவர் ‘பழசு’ என்று கத்தியபோதே தாளம் நின்றிருக்க வேண்டும். “யமுனா, நீ சொல்லும்மா. சிம்பல் இருக்கா?”

அவள் கணவனைப் பார்க்கவில்லை. “இருக்குண்ணா.”

“நல்லா இருக்கா?”

“கணீர்னு இருக்கு,” என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

பியானோ திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. அந்த இடத்தில் லூதர் கேன் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியும். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் யமுனாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, அதன் மரக்கையின் மேல் தன் உள்ளங்கையைப் பரப்பிவைத்தார்.

“போடு,” என்றார்.

“என்னதுண்ணா?”

“தாளம். அந்த ஆளு தட்டறத அப்படியே இந்தக் கட்டைல தட்டு.”

யமுனா மரக்கையின் மறுமுனையில் விரலை வைத்துத் தட்டத் தொடங்கினாள். கட்டை வழியாக அது அவர் உள்ளங்கைக்கு வந்தது. மெல்ல, ஒவ்வொன்றாக. ஸ்டீபன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

“முந்தறம்மா. கச்சேரி மாதிரி டக்குனு விழக் கூடாது. அவன் ஒரு மயிரிழை பிந்தித்தான் வருவான்.”

யமுனா விரலை நிறுத்தி ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னபடி பிந்தித் தட்டினாள்.