மேட்டுக் கொடிகளை நட்டவர்

1

இந்தக் கதை ஒரு பாட்டிலின் முதுகில் ஒட்டுவதற்காகத் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சூட்கிளிப் திராட்சைத் தோட்டத்தின் வெள்ளை ஒயினுக்குப் புது லேபிள் அடிக்கிறார்கள். பின்பக்கத்துக்குத் தோட்டத்தின் வரலாறு நாலு வரி வேண்டும் என்று கேட்டாள் மெர்சியா. என் தம்பி மகள். ஒயின் செய்பவள் அவள்தான். நான் குடும்பத்தில் மூத்தவள், இந்த ஊர் மிஷன் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவள். நாலு வரி எனக்கொரு வேலையா என்று நினைத்தேன்.

நாளைக் காலை அது அச்சகத்துக்குப் போக வேண்டும்.

முதல் தொடக்கம்: ‘மேட்டு நிலத்தின் பழைய கொடிகள் முழுவதையும் நட்டவர் என் தந்தை இசாக் பெப்ரவாரி.’*

நல்ல வாக்கியம். நிமிர்ந்து நிற்கிறது. ‘முழுவதையும்’ என்ற சொல்லை மட்டும் [அடித்தேன். திரும்ப எழுதினேன். மறுபடி அடித்தேன்.]

* எங்கள் முன்னோரை அடிமைகளாகக் கப்பலிலிருந்து இறக்கிய மாதத்தையே, பெப்ரவாரியையே, அவர்களுக்குப் பெயராக வைத்தார்கள். அந்தப் பெயரை மரியாதைக்குரியதாக்க எங்களுக்குச் சில தலைமுறைகள் ஆயின. நான் தயங்குவதை எள்ளுபவர்கள் இதை மனத்தில் வைக்கட்டும்.

2

மேட்டுக் கொடிகளின் இலைகளை மெர்சியா பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். முடிவைச் சமையலறையில் நின்றபடியே சொன்னாள்.

“மேட்டுல மூணுல ஒரு பங்கு ஸ்டீன் இல்ல ஆன்ட்டி. பிரான்ஸ் திராட்சை.”

ஸ்டீன் என்கிற வெள்ளைத் திராட்சைதான் எங்கள் பெருமை. பிரான்ஸ் திராட்சை என்பது பிராந்தி ஆலைக்கு அள்ளிக் கொட்டுகிற பழம். என் தம்பி ஃப்ளோரிஸ் சிரித்தான்.

“அப்பா கில்லாடி. வேணும்னே கலந்து நட்டிருக்காரு. அப்படியே எழுதிடு அக்கா. இப்பல்லாம் கலப்புன்னா வரிசையில நின்னு வாங்குறான்.”

“அப்பா வாழ்நாள்ல கலப்படம் பண்ணதில்ல.”

“கலப்படம்னு யாரு சொன்னா? கலப்பு. ஊருக்கே பாடம் எடுத்தவ, உனக்கு நான் சொல்லணுமா?”

மெர்சியா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“தாத்தா நடலேன்னா வேற யாரு ஆன்ட்டி நட்டது?”

“ரொட்டி கருகுது, போய்ப் பாரு” என்றேன்.

அடுப்பில் ரொட்டி இல்லை.

3

இரண்டாம் தொடக்கம்: ‘இரண்டு குளிர்காலங்கள் என் தந்தை [உடல்நலமின்றி] இருந்தபோது’

வாசகரே, அந்த அடைப்புக்குறியைப் பிரிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. அப்பா வேலை பார்த்த பெரிய பண்ணையில் கூலியோடு குவளை குவளையாக ஒயினும் ஊற்றினார்கள். அந்தக் குவளை அவரை

இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.

மேட்டு நிலம் மிஷன் சபை கொடுத்தது. பட்டுப்போன கொடியின் இடம் இரண்டு குளிர்காலம் நிரப்பப்படாமல் கிடந்தால் சபை நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்பா படுத்துக் கிடந்தார். மேட்டில் பொக்கை வாய்போல இடைவெளிகள். சபையின் மூப்பர்கள் பார்க்க வரும் நாள் நெருங்கியது. அம்மா அந்தப் பெரிய பண்ணையில் கவாத்து செய்து வெட்டிப் போட்ட கொடிக் குவியலுக்குப் போய் ஏப்ரன் நிறையக் குச்சி பொறுக்கி வந்தாள். அவள் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். இலையில்லாத குச்சியில் ஸ்டீன் எது, பிரான்ஸ் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லா இடைவெளியிலும் நட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சுமந்துபோய் ஊற்றினாள். மூப்பர்கள் வந்தார்கள், வரிசை நிறைந்திருப்பதைக் கண்டார்கள், போனார்கள். நிலம் எங்களிடமே நின்றது.

வசந்தத்தில் இலை விரிந்தது. அப்பா எழுந்து மேட்டுக்குப் போனார். இலையைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கொடியைக்கூடப் பிடுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் ஒரு மூப்பர் கேட்டார்.

“மேடு நல்லா தழைச்சிருக்கே இசாக். யாரு, கூலிக்கு ஆள் வெச்சியா?”

“ஆளா? எல்லாம் நானே நட்டது.”

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

4

முடிவுகளைப் பரப்பி வைக்கிறேன்.

ஃப்ளோரிஸின் முடிவு: அப்பா அறிந்தே கலந்தார். பாட்டில் விற்கும். அது பொய். அதைவிட, அப்பாவே சொல்லத் துணியாத பொய்.

கோழையின் முடிவு: ‘குடும்பத்தார் நட்டனர்.’ என் மாணவி எவளாவது இப்படி எழுதியிருந்தால் திருப்பி எழுதச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது முடிவு: அம்மா நட்டாள். இதை அச்சடித்தால் ஊர் அடுத்த கேள்வியைக் கேட்கும்: இசாக் எங்கே இருந்தார்? அப்பா பின்பு குடியை விட்டார். தானே மூப்பரானார். அந்தப் பெயரோடு அடக்கம் செய்யப்பட்டார். அதைத் தோண்டும் மண்வெட்டி என் கையிலா இருக்க வேண்டும்? ஆனால் எழுதாமல் விட்டால்

விடிந்துவிட்டது. முற்றத்தில் வண்டி உறுமுகிறது.

“ஆன்ட்டி, எழுதியாச்சா இல்லையா? அச்சகத்துக்காரன் என்னைக் கடிச்சுத் தின்னுடுவான்.”

“கடிக்கட்டும். இரு, வர்றேன்.”

5

மெர்சியாவிடம் கொடுக்கப் போகும் தாளில் இப்போது இருப்பது இதுதான்: ‘மேட்டு நிலத்தின் பழைய கொடிகளை நட்டவர் ____________.’

அந்த இடத்தை அவளிடமும் உங்களிடமும் விடுகிறேன். இசாக் பெப்ரவாரி என்று நிரப்பினால் நான் மறுக்க மாட்டேன். மற்றதை நிரப்பினால், யார் சொன்னது என்று கேட்பவர்களிடம் என்னைக் கைகாட்ட வேண்டாம்.

ஒன்று மட்டும். சன்னா என்று எழுதிவிடாதீர்கள். அது அம்மாவை வீட்டில் கூப்பிட்ட பெயர். சூசன்னா மரியா பெப்ரவாரி. முழுதாக எழுதுங்கள். இடம் போதும்படிதான் கோடு போட்டிருக்கிறேன்.