ஹவ்வாவின் மேசைக்கு ஒரு வளைவு

மாத்தளை டவுனில் மர்சூக்கின் ஹார்ட்வெயார் கடையில் அஸ்ஹரும் நஸ்மியாவும் இரண்டு மெஷின் வாள்களுக்கு முன்னால் நின்றார்கள். ஒன்றைத்தான் வாங்க முடியும்.

அவர்களுடைய மகள் ஹவ்வாவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலமில்லாததால் வீல்செயாரில்தான் இருப்பாள். தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டும் அஸ்ஹர், வாசல் படிகளின் மேல் நீளமாக ஒரு பலகைச் சாய்வு போட நினைத்திருந்தான். யாரும் தூக்காமல் பிள்ளை முற்றத்துக்கு இறங்க வேண்டும். பலகைகளை நேராகவும் வேகமாகவும் அறுக்க வட்ட வாள்தான் நல்லது.

நஸ்மியாவின் நினைப்பில் இருந்தது ஒரு மேசை. நாற்காலியின் கைகள் இடிப்பதால் ஹவ்வாவால் எந்த மேசையையும் நெருங்க முடியவில்லை. கொப்பியை மடியில் வைத்துத்தான் எழுதினாள். நாற்காலிக் கைகளுக்கு மேலே வரும் உயரத்தில், அவள் உடம்பு உள்ளே போகுமளவுக்கு வளைவு வெட்டிய பலகை வேண்டும். அதற்கு, மெல்லிய பிளேட் மேலும் கீழும் ஓடுகிற ஜிக்சோ வேண்டும்.

மர்சூக் இரண்டையும் எடுத்துக் காட்டினார். வட்ட வாளை வளைத்து ஓட்டினால் தகடு இறுகி மெஷின் துள்ளும் என்றார். ஜிக்சோவில் நேராகவும் அறுக்கலாம். பக்கத்தில் ஒரு சட்டத்தை இறுக்கிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும், தடித்த பலகையில் ஓரம் சுத்தமாக வராது.

"ஸ்லோப் ஒழுங்கா வராதே," என்றான் அஸ்ஹர்.

"ஓரம் கோணினா பரவாயில்லங்க, புள்ள இறங்கினாப் போதும்," என்றாள் நஸ்மியா. "வளைவு இல்லாட்டி அவளுக்கு மேசையே இல்ல."

அஸ்ஹர் ஜிக்சோவை வாங்கினான்.

அவசரப்பட்டு அழுத்தியதில் முதல் பிளேட் உடைந்தது. அடுத்த தடவை நஸ்மியா பலகையை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவன் மெதுவாகத் தள்ளினான். வளைவு ஒரு பக்கம் கொஞ்சம் கூடப் போய்விட்டது. அஸ்ஹருக்கு முகம் சுருங்கியது. ஆனால் பலகைக்குக் கால் பூட்டியதும் ஹவ்வா வளைவுக்குள் வந்து இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றினாள். பிளேன்டித் தேநீரை மேசையிலேயே வைக்கச் சொன்னாள். அது கொட்டியது. யாரும் ஏசவில்லை.

சாய்வுக்குத்தான் நாள் பிடித்தது. லொறி ஓடாத நேரங்களில் ஒவ்வொரு பலகையாக அறுத்தான். ஓரங்கள் நெளிந்திருந்தன, உரசித் தேய்த்து, ஆணியடித்து முடித்தான். ஹவ்வா இறங்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க வாப்பா," என்றாள்.

கையை எடுத்தான், ஆனாலும் குனிந்தபடி பக்கத்திலேயே நடந்தான். சக்கரங்கள் கடகடத்தன. ஹவ்வா முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகுப் பாயைச் சுற்றி, கேட் வரைக்கும் தானே உருட்டிக்கொண்டு போய் வெளியே எட்டிப் பார்த்தாள். றோட்டில் இரத்தோட்டை பஸ் போனது.

நஸ்மியா வாசலில் நின்று பார்த்தாள். "கேட்டுக்கு ஒரு கொளுக்கி போடுங்க," என்றாள். "இனி இவள வீட்டுக்குள்ள வச்சிருக்க ஏலாது."