குணலட்சுமியின் தோலில் பூத்தவை

குணலட்சுமியின் தோளில் முதல் மல்லிகை பூத்தது 1958 ஆவணியில், அவளுடைய கலியாணம் முடிந்த நாலாம் நாள். யாரோ பரிசளித்த பவுடர் டின்னைத் திறந்து கழுத்திலும் தோளிலும் தட்டியதுதான் தாமதம், காம்பும் இதழுமாகத் தோல் சிவந்து தடித்து எழும்பி, பொழுதுபடும்வரை அவளைச் சொறியவைத்தது. இரண்டு தேனீக்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போயின. மயிலிட்டியில் உடம்பில் எது சிவந்து எழும்பினாலும் அதற்கு ஒரே பெயர்தான்: அம்மாள் வருத்தம், அம்மை நோய். மாமியார் வாசல் படலையில் வேப்பிலை கட்டினார். வீட்டுக்குள் மீன் கூடாது, தாளிதம் கூடாது, ஆட்கள் வரக்கூடாது. கடலுக்குப் போய் மீன் பிடித்துச் சீவிக்கிற அவள் புருசன் பரமலிங்கம் பதினொரு நாள் பருப்புத் தின்றான்.

டின்னை அவள் வேலிக்கரையில் புதைத்தாள். தான் பூசுவதை நிறுத்தலாம், ஊர் பூசுவதை எப்படி நிறுத்துவது? பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தி வந்து இருந்தால் கழுத்தில் ரோசா. கோயிலில் ஒருத்தி உரசிக்கொண்டு போனால் முழங்கையில் தாழம்பூ. யாரோ குளித்த ஒரு புதுச் சவர்க்காரத்துக்கு, அந்த ஊரில் எவரும் கண்டிராத ஊதாப்பூ முழங்காலில் பூத்தது, அதற்கும் வேப்பிலைதான். ஆசுபத்திரி டொக்டர் மட்டும், வாசனைச் சரக்கு ஏதோ ஒவ்வாது, எதுவென்று டின்னைப் பார்த்து விலக்குங்கள் என்றார். டின்னில் எழுதியிருந்தது ஒரே சொல்: வாசனை.

அதனால் கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு எழுதினாள். டின்னுக்குள் இருப்பதை டின்னின் மேல் எழுதச் சொல்லிச் சட்டம் போடுங்கள், அவ்வளவுதான் கேட்டது. ஒன்றரை வருடம் கழித்துப் பதில் சிங்களத்தில் வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக் கிளாக்கர் தில்லைநாதன் வாசித்துச் சொன்னார்: உள்ளே இருப்பது கம்பனியின் இரகசியம், அதைக் கேட்கச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாதபடியால்தானே எழுதினேன் என்று திரும்பவும் எழுதினாள். முந்திய கடிதத்தின் இலக்கம் போடவில்லை என்று பதில் வந்தது. இப்படிப் பதினேழு மனு. எழுபதுகளில் அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியபோது ஊரே துணிக்கும் சீனிக்கும் அலைந்தது. அவள் தோல் மட்டும் பளிங்காகக் கிடந்தது. சந்தோசத்தை வெளியே சொல்லவும் வெட்கம். எழுபத்தேழில் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டார்கள், டின்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின.

எழுபத்தொன்பதில் ஒரே மகள் பத்மாசினிக்கு அரியாலையில் சம்பந்தம் சரிவந்தது. அம்மாள் வந்த வீட்டில் நல்ல காரியம் செய்வதில்லை. தாயின் உடம்பில் பூத் தெரிந்தால் கலியாணம் நின்றுபோகும். குணலட்சுமி வீடு வீடாகப் போய், பவுடர் பூசாமல் வாருங்கள் என்று கெஞ்சினாள். எல்லோரும் ஓம் என்றார்கள். எல்லோரும் பூசிக்கொண்டு வந்தார்கள். கலியாண வீட்டுக்கு வெறும் முகத்தோடு வர அவர்களுக்கென்ன தலைவிதியா?

முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் இருக்க, மணவறையடியில் நின்ற குணலட்சுமி நெற்றியிலிருந்து குதிக்கால்வரை பூத்தாள். தேனீக்கள் பந்தலுக்குள் வந்தன. மாப்பிள்ளையின் தாய் இரத்தினம்மா எழும்பிவிட்டார்.

"அம்மாள் வந்திட்டா. வேறை நாள் பாப்பம்."

இருபத்தொரு வருடத்து எரிச்சல் குணலட்சுமியின் தொண்டைக்கு வந்தது.

"அம்மாளும் இல்லை, ஆச்சியும் இல்லை! உது உங்கடை பவுடர்! எல்லாரும் கிணத்தடிக்குப் போய் மூஞ்சையைக் கழுவிப்போட்டு வாங்கோ!"

"நானுமோ?" என்றார் இரத்தினம்மா.

"ஓம், நீங்கள்தான் முதல்!"

ஒருநாளும் சத்தமாகக் கதைத்தறியாதவள் போட்ட சத்தத்தில் சனம் எழும்பி வரிசையாகப் போனது. இரத்தினம்மா முகம் கழுவ, குணலட்சுமியின் கழுத்து ரோசா இதழ் இதழாகச் சுருங்கி மறைந்தது. ஒரு முகத்துக்கு ஒரு பூவாகப் போய், கடைசியில் இடது மணிக்கட்டில் சின்ன மகிழம்பூ ஒன்று மட்டும் மிஞ்சியது. யாருடையது என்று ஆளையாள் பார்த்தார்கள். மணவறையில் பத்மாசினி கலங்கிய கண்ணோடு முகம் கழுவ எழும்பினாள்.

"இரு பிள்ளை," என்றாள் குணலட்சுமி. "வடிவாய்க் கிடக்கு."

சேலைத் தலைப்பை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, தாலி கட்டி முடியும்வரை சொறியாமல் நின்றாள். உயிர் போகிற அரிப்பு.

அந்தப் பூ பிறகு மறையவில்லை. எண்பதில் ஏதோ சட்டம் வந்ததாகச் சொன்னார்கள். அவள் கண்ட டின்களில் அதே ஒரு சொல்தான் இருந்தது. மயிலிட்டிக் கலியாண வீடுகளில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைக்கத் தொடங்கினார்கள், ஏனென்று எவரும் கேட்பதில்லை. பத்மாசினி அரியாலையில் பஸ் ஏறும்போதே இங்கே மணிக்கட்டு அரிக்கத் தொடங்கும். குணலட்சுமி, "உந்தச் சனியன்" என்று ஒரு சொறி சொறிந்துவிட்டு, உலையில் இன்னொரு சுண்டு அரிசி போடுவாள்.